அத்தைக்குக் கால் குணமான ஆகஸ்ட்

காலையில் பூங்காவைச் சுற்றிவரும் நம் கோஷ்டிக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் போன வாரம் அந்த சிமெண்டு பெஞ்சில் நடந்தது உங்களுக்குத்தான் தெரியும். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நம் நண்பர் வந்து உட்கார்ந்தார். பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது, தூக்கமே இல்லை என்று ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்த மனிதர். அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "போயிடுச்சு! எரிச்சல், குத்தல் ஒண்ணும் இல்லை. கால் இருக்கறதே தெரியலை. தானா சரியாயிடுச்சு பாருங்க" என்றார். நீங்கள் எல்லோரும் கை கொடுத்தீர்கள். ஒருவர் டிபன் எப்போ வாங்கித் தரப்போகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு மட்டும் தூக்கிவாரிப்போட்டது. அவரை அதட்டி, ஆட்டோ பிடித்து, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இந்தம்மாவுக்கு என்ன வந்தது என்று நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நானும் பார்த்தேன். என்ன வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சாந்தோமில், மாதா கோயிலும் கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற தெருவில் எங்கள் வீடு. அப்பா கட்டுமரத்தில் போவார். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, அப்பா கொண்டுவருவதையும் ஏலத்தில் எடுப்பதையும் அலுமினிய அன்னக்கூடையில் போட்டு, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர், மந்தைவெளி என்று தெருத்தெருவாக விற்றுவருவாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிள்ளை இல்லை. அதனால் அவளுக்கு நான்தான் எல்லாம். அவளுடைய குரலைப் பற்றி என்ன சொல்வேன். லஸ் முனையில் "மீனேய்" என்று கூவினால் குளத்தங்கரையில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அவளுக்குச் சொத்து என்று இருந்தது அந்தக் குரலும் இரண்டு கால்களும்தான்.

அந்தக் கோடையில் ஆரம்பித்தது. "காலுல எறும்பு மேயுதுடி, பாரு" என்று பாயில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். நான் விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஒரு எறும்பும் இருக்காது. "நல்லா பாரு, கட்டெறும்பு. வெரலு சந்துல பூந்துக்கினு கீது." பாயைத் தூக்கி உதறினோம். அம்மா எறும்புப் பொடி வாங்கிவந்து சுவரோரமாகக் கோடு போட்டாள். பாயில் உட்கார்ந்து பிரெட்டில் சர்க்கரை தூவித் தின்றதால்தான் எறும்பு வருகிறது என்று எனக்கு முதுகில் ஒன்று விழுந்தது. எறும்பு போகவில்லை. பிறகு எறும்பு ஊசியானது. ஊசி நெருப்பானது. புடவை விளிம்பு பட்டாலே கத்துவாள்.

ஆளுக்கு ஒரு வைத்தியம். விளக்கெண்ணெய் தேய்த்தார்கள். உப்பு ஒத்தடம் கொடுத்தார்கள். உச்சிவெயிலில் மணலைத் தோண்டி முழங்கால் வரை புதைத்து உட்காரவைத்தார்கள். ஈரத்தில் நின்று நின்று வந்த வாதம் என்றார் அப்பா. யாரும் தப்பாகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார்கள். ஆனால் அந்த நாட்களில் அத்தை பானைத் தண்ணீரைக் காலி செய்ததையும், ஒரு தெரு விற்பதற்குள் மூன்று வீட்டில் கொல்லைப்பக்கம் போக அனுமதி கேட்டதையும் நான் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். உடம்பு இளைத்தாள். "இன்னா அண்ணி, சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க" என்று அம்மாவே கேலி செய்தாள். அத்தை வெட்கப்பட்டாள். இவற்றையெல்லாம் வரிசையாகச் சொன்னால் இது என்ன நோய் என்று ஒரு குழந்தைக்குக்கூட இப்போது தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தும் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அத்தை மாதாவிடம் பொருத்தனை வைத்தாள், நேர்த்திக்கடன்தான். சுவரில் பதித்த சின்னப் பலகைமேல் எங்கள் வீட்டு மாதா சுரூபம், ஒரு சாண் சிலை, இருக்கும். அதன் முன்னால் நின்று சண்டை போடுகிற குரலில்தான் கேட்டாள். "இந்த நெருப்ப எடுத்துடு தாயே. கொடியேத்தத்துக்கு பெசன்ட் நகருக்கு செருப்பில்லாம நடந்து வர்றேன்." ஆகஸ்ட் கடைசியில் அங்கே மாதா கோயில் கொடியேற்றம். காவி கட்டிக்கொண்டு நகரத்தின் எல்லாப் பக்கமிருந்தும் வெறுங்காலோடு ஜனங்கள் நடந்துவருவது உங்களுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் பிறந்த கையோடு நெருப்பு அணைந்துவிட்டது. ஒரு நாள் காலையில் எழுந்தவள், இரண்டு கால்களையும் தரையில் ஓங்கி மிதித்தாள். "தம்பி! போயிடிச்சிடா!" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். எறும்பும் இல்லை, ஊசியும் இல்லை. அம்மா ஒரு கட்டு மெழுகுவத்தி ஏற்றினாள். அன்றைக்குக் குடித்த டீயில் அத்தைக்கு நாலு கரண்டி சர்க்கரை.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததை நாங்கள் பல நாள் சொல்லிச் சிரித்தோம். அத்தை வியாபாரம் முடித்து வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"இன்னொண்ணு எங்க அத்த?" என்றேன்.

"கால்லதானே கீது."

"இல்ல அத்த, பாரு."

குனிந்து பார்த்துவிட்டு அவளே வயிறு குலுங்கச் சிரித்தாள். "பறக்குற மாதிரி நடந்துக்கினு வந்தேண்டி. எங்க உட்டேன்னே தெர்ல." அம்மா சிரித்தாள், அப்பா சிரித்தார், நான் உருண்டு புரண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயை நானே பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

கொடியேற்றத்து அன்று சாப்பிட்டுவிட்டு மத்தியானமே கிளம்பினோம். அத்தை, அம்மா, நான். அத்தை காவிப் புடவை கட்டியிருந்தாள். வாசலில் அம்மா என்னை நிறுத்தி ஒரு சட்டம் சொன்னாள். அவளுடைய அம்மா வீட்டில் வழிவழியாக வந்த சட்டம். "தோ பார், பொருத்தனை நடக்குறவங்கள வழியில வலிக்குதான்னு கேக்கக் கூடாது. கால் சுடுதான்னு கேக்கக் கூடாது. கேட்டா பொருத்தனை பலிக்காது, போன நோவு திரும்பி வந்துடும். புரிஞ்சிதா?" புரிந்தது என்று தலையாட்டினேன். அத்தைக்கு நோவு திரும்பி வருவதைவிடப் பெரிய பயம் எனக்கு அப்போது இல்லை.

பட்டினப்பாக்கம் தாண்டுவதற்குள் தார் ரோடு என் காலைப் பொசுக்கிவிட்டது. மரநிழலுக்கு மரநிழல் தாவினேன். அம்மாவும் ஓரத்து மண்ணைத் தேடித் தேடி நடந்தாள். அத்தை நட்டநடு ரோட்டில், ஜமுக்காளத்தில் நடக்கிற மாதிரி நடந்தாள். தார் இளகி அவள் குதிகாலில் ஒட்டியிருந்தது. "இன்னாடி குதிச்சிக்கினு வர்ற?" என்று என்னைக் கேட்டு வேறு சிரித்தாள். அம்மாவின் கண்ணில் தண்ணீர். "பாரு, தாயி கையில தாங்கிக்கினு போறா" என்று என் காதில் சொன்னாள். வழியில் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுத்தார்கள். ஒரு பெட்டிக்கடை வாசலில் கலர் சோடா குடித்துவிட்டுப் போட்ட பாட்டில் மூடிகள் இறைந்து கிடந்தன. அத்தை மூன்று டம்ளர் பானகம் குடித்தாள்.

அடையாற்றுப் பாலத்தின் நடைபாதையில் ஏறியபோதுதான் பார்த்தேன். வெளுத்த சிமெண்டுத் தரை. அத்தை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கால் பட்டு எழுந்த இடத்திலெல்லாம் சிவப்பாக ஒரு வளையம். ஓர் அடி சுத்தமாக இருக்கும், அடுத்த அடியில் வளையம். முதலில் குங்குமமோ என்று நினைத்தேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

"அம்மா, அத்த கால்ல..." என்று அம்மாவின் முந்தானையை இழுத்தேன்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "வாசல்ல இன்னா சொன்னேன்? வாய மூடிக்கினு வா."

வாயை மூடிக்கொண்டேன். நான் சொன்னால் நோவு திரும்பி வந்துவிடும். விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஆற்றையும் அதில் கட்டிக்கிடந்த படகுகளையும் பார்த்தபடியே நடந்தேன். கோயில் போய்ச் சேரும்வரை தரையைப் பார்க்கவே இல்லை. கொடி ஏறியது, ஜனங்கள் "மரியே வாழ்க" என்று கத்தினார்கள், நானும் கத்தினேன்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். பொருத்தனை நடந்து வந்தவரின் கால்களை வீட்டின் கடைசிப் பிள்ளை கழுவ வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழனன்று கோயிலில் சாமியார் கால் கழுவுவதைப் பார்த்து எந்தத் தாத்தன் ஆரம்பித்தானோ தெரியாது. வாசல் கல்லில் அத்தை உட்கார்ந்தாள். கையில் டீ டம்ளர். நான் ஒரு குண்டான் தண்ணீரோடு கீழே உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். இடது காலைக் கழுவினேன். தார், மண், அவ்வளவுதான். வலது காலை மடியில் எடுத்து வைத்துப் பாதத்தைத் தேய்த்தேன். நடுவில் வட்டமாக, கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டினேன். தகரச் சத்தம் கேட்டது.

பாட்டில் மூடி. அதன் பல் வரிசை மொத்தமும் சதைக்குள் இறங்கியிருந்தது. முத்திரை குத்தின மாதிரி.

நான் போட்ட சத்தத்தில் அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தார். காலைப் பார்த்தார். போய்க் குறடு எடுத்துவந்தார். அத்தையின் காலைத் தன் தொடையில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அது வெளியே வந்தபோது எழும்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நின்றிருந்த பெண்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அத்தை டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, இன்னா பண்ணிக்கினு கீற அங்க?" என்றாள்.

அப்பா மூடியைத் தூக்கிக் காட்டினார். அத்தை அதைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மறுபடி மூடியைப் பார்த்தாள். பிறகு அம்மா தொப்பென்று மண்டி போட்டாள். "மாதாவே! வலியே தெரியாம நடத்திக் கூட்டினு வந்தியே தாயே!" அவ்வளவுதான். அந்த வார்த்தை விழுந்ததும் அது அற்புதமாகிவிட்டது.

மூடியைக் கழுவி ஒரு சாஸரில் வைத்து, சுரூபத்தின் காலடியில் மெழுகுவத்தியோடு வைத்தார்கள். மறுநாள் முழுக்க ஜனம். "எந்தக் கால்?" என்று கேட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பெண் காய்ச்சல் கண்ட குழந்தையைக் கொண்டுவந்து அந்தப் பாதத்தில் அதன் நெற்றியை வைத்து எடுத்தாள். அத்தை கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளில் அவளை யாரும் அப்படிக் கொண்டாடியதில்லை. புண்ணில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, மூன்றாம் நாள் கூடையைத் தூக்கிவிட்டாள். அற்புதம் நடந்த காலுக்கு ஆஸ்பத்திரி எதற்கு?

பத்து நாள் போயிருக்கும். வீட்டில் ஒரு நாற்றம் இருந்ததாம். இருந்ததாம் என்றுதான் சொல்ல வேண்டும். மீன்கூடை கழுவுகிற வீட்டில், கருவாடு காய்கிற தெருவில், நாற்றத்தைத் தனியாக யார் கண்டுபிடிப்பது?

கண்டுபிடித்தவர் மந்தைவெளியில் எங்கள் வாடிக்கைக்காரர், ஒரு பள்ளிக்கூட டீச்சர். சனிக்கிழமை, நானும் கூடப் போயிருந்தேன். வஞ்சிரம் கேட்டிருந்தார். அத்தை அவர்கள் வீட்டு மொசைக் தரையில் இரண்டு அடி வைத்துக் கூடையை இறக்கினாள். டீச்சர் மீனைப் பார்க்கவில்லை. தரையில் மஞ்சளும் கறுப்புமாக இருந்த கறையைப் பார்த்தார்.

"நில்லு. காலைத் தூக்கு."

அத்தைக்கு ஒரே பெருமை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கிக் காட்டியபடியே அற்புதத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். எறும்பு, நெருப்பு, பொருத்தனை, மூடி எல்லாம். டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. ஊசி போட்டுக்கொள்கிறவர். "ஐயோ, பைத்தியக்காரி" என்று டீச்சர் சொன்னது அத்தையைத் திட்டியது இல்லை என்று எனக்கே தெரிந்தது. மீனை அப்படியே விட்டுவிட்டு, அத்தையை ஆட்டோவில் ஏற்றினார். அப்பாவைக் கூட்டிவர நான் வெயிலில் ஓடினேன்.

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்றார். அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அது பணக்காரங்களுக்கு வர்ற சீக்காச்சே சார். நாங்க மீன் விக்கிறவங்க." டாக்டர் அத்தையைப் படுக்கவைத்து, கால் தெரியாதபடி இடுப்புக்குக் குறுக்கே ஒரு துணியைப் பிடிக்கச்சொல்லி நர்ஸிடம் கொடுத்தார். "ஊசியால லேசா குத்துவேன். குத்தினதும் சொல்லுங்க" என்றார்.

கட்டை விரலில் குத்தினார். அத்தை மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதத்தில் குத்தினார். கணுக்காலில் குத்தினார். அதற்கு மேலே, இன்னும் மேலே. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொட்டு ரத்தம் எட்டிப்பார்த்தது. நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டே நின்றோம். முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே வந்துவிட்டார்.

"எப்ப குத்தப்போறீங்க சார்?" என்றாள் அத்தை.

அப்பா துண்டை எடுத்து அந்த ரத்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

டாக்டர் ஊசியை வைத்துவிட்டுக் கேட்டார். "முன்னாடி எரிச்சல், குத்தல் இருந்துதா?"

"இருந்திச்சு சார். மாதா எடுத்துட்டா."

"சர்க்கரைல நரம்பு கெட ஆரம்பிச்சதுதாம்மா அந்த எரிச்சல். முழுசா செத்ததும் எரிச்சல் நின்னுடுச்சு. குணம் ஆகலை. வலி இருந்திருந்தா நீங்க அன்னிக்கே ஓடி வந்திருப்பீங்க" என்றார். திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அத்தையின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று சாஸரும் மூடியும் சுரூபத்தின் அடியில் இல்லை. அம்மா எங்கே எறிந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு ரொம்ப நாள் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவில்லை. கிள்ளியது அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும். மாதாவின் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவள் யாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மேல் கோபம் உண்டு. மூன்று மாதம் வலி கத்திக்கத்திச் சொன்னது, நாங்கள் அதன் வாயை அடைக்க மெழுகுவத்தி ஏற்றினோம்.

அத்தை அதற்குப் பிறகு தெருவில் கூவவில்லை. கடற்கரை ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு மணைக்கட்டையில் உட்கார்ந்து, மற்றவர்கள் விற்கிற மீனை அரிந்து கொடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டால் நான் அவளிடம்தான் போவேன். மனசில் ஒன்றை ஒரு வருடம் சுமந்தேன். ஒரு நாள் அவள் காலா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன்.

"அத்த, பாலத்து மேல நான் பாத்தேன். நீ நடக்க நடக்க ரத்தம். நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

கத்தி நின்றது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அழாத. நானுந்தான் பாத்தேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை செதில் ஒட்டிய புறங்கையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"பின்னால எவ்ளோ ஜனம் வருதுன்னு திரும்பிப் பாத்தேனா, தரையெல்லாம் ரத்தக் காலு. யாரோ பாவம், கால அறுத்துக்கினு நடக்குறாங்களேன்னு நெனச்சிக்கினேன். அவங்களுக்காவ கோயில் வர்ற வரைக்கும் மங்கள வார்த்தை செபம் சொல்லிக்கினே போனேன்."